களை எந்த இடத்தில் முளைக்கிறது? அதை வைத்து மண்ணின் கோளாறைப் பிடிக்கும் வழி

பர்மாவில் பெகு பக்கம் எங்கள் ஊரில் யார் வயலில் களை மண்டினாலும் முதலில் வரும் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. மேட்டில் முளைத்ததா, பள்ளத்திலா? உழவுக்கு முன்னா, பின்னா? எரு போட்ட வரப்போரம் மட்டுமா, வயல் முழுக்கவா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. களை முளைத்த இடமும் நேரமும் மண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடும்.

ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி என்று சொல்லும் வட்டிக்கடை வைத்து நடத்திய காலத்தில் பேரேட்டில் வரவும் பற்றும் எழுதினார்கள். வயல் மண்ணும் அப்படி ஒரு கிட்டங்கிதான். பூத்து உதிரும் களை, எருவில் வரும் விதை, வாய்க்கால் தண்ணீரில் மிதந்து வருவது, அறுவடை இயந்திரம் பக்கத்து ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது, இதெல்லாம் வரவு. முளைப்பது, அழுகுவது, எறும்பும் எலியும் பறவையும் தின்பது எல்லாம் பற்று. நாம் கண்ணால் பார்க்கும் களை அந்த விதை இருப்பில் ஒரு சிறு பங்கு. மிச்சம் தூங்கிக்கொண்டிருக்கிறது. எது தூங்கும், எது விழிக்கும் என்பதை ஈரம், காற்று, வெளிச்சம், வெப்பம், ஆழம் ஆகிய ஐந்தும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

முதலில் இருப்பைப் பாருங்கள்

அறுப்பு முடிந்த வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15, 20 இடத்தில் மண் எடுங்கள். மேல் 5 சென்டிமீட்டர் மண் ஒரு வாளியில், அதற்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை உள்ளது இன்னொரு வாளியில். கட்டிகளை உடைத்து, இரண்டையும் தனித்தனித் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் முளைத்ததை எண்ணிப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கிளறி இன்னொரு மூன்று வாரம் விடுங்கள். மேல் தட்டில் அதிகம் முளைத்தால் களை புதிது, போன வருடம் உதிர்ந்தது. கீழ்த் தட்டில் அதிகம் என்றால் பழைய இருப்பு, அதைக் கலைக்காமல் இருப்பதே நல்லது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரும் செய்வதில்லை.

முதல் மழைக்கே வயல் முழுக்கப் பச்சைப் பாய் விரித்ததுபோல் முளைக்கிறது

பயப்பட வேண்டாம், இது நல்ல அறிகுறி. சித்திரைப் பிறப்பும் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவும் சேர்ந்து வரும் அந்தக் காய்ச்சலான நாட்களில் மேல் மண்ணில் கிடக்கும் புல் விதைகளின் தூக்கம் மெல்லக் கலைகிறது. வெறும் தரை பகலில் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே பல விதைகள் "நான் மண்ணுக்கு மேலாகத்தான் இருக்கிறேன், மேலே நிழல் இல்லை" என்று தெரிந்துகொள்கின்றன. அப்புறம் மே கடைசியில் மழை இறங்கும்போது, காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து ஒரேயடியாகத் தழைச்சத்தை விடுவிக்கின்றன. அந்தத் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் பல களை விதைகளுக்கு முளைப்பைத் தூண்டும் சங்கதி. ஈரம், வெளிச்சம், வெப்ப ஏற்ற இறக்கம், நைட்ரேட் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் விதை வேறு என்ன செய்யும்?

செய்ய வேண்டியது: முளைக்க விடுங்கள். இரண்டு மூன்று இலை வந்ததும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், மேலாக மட்டும் கீறி அழியுங்கள். மழை இடம் கொடுத்தால் இன்னொரு தடவை. கிட்டங்கியிலிருந்து இப்படி இரண்டு முறை பற்று எழுதிவிட்டால் நடவுக்குப் பிறகு கை வலிப்பது குறையும்.

எங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் காத்திருப்பே பிடிக்காது. "ஈரம் போகுதுடா, புல்லுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கிற" என்பார். மழை நிச்சயமில்லாத மேட்டுப் பக்கம் அவர் கவலையில் நியாயம் உண்டு. பெகு, சிரியம் போன்ற கொட்டித் தீர்க்கும் இடங்களில் இரண்டு வாரம் காத்திருப்பதால் ஈரம் ஓடிவிடாது.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், முளைத்ததை அழிக்க ஆழமாகப் புரட்டும்போதுதான். அழிந்த கூட்டத்துக்குப் பதிலாகக் கீழிருந்து புதிய கூட்டம் மேலே வந்துவிடும்.

ஆழ உழுத வருடம், அதுவரை பார்க்காத களை வந்தது

மேலே சொன்ன தப்பின் நேரடி விளைவு இது. புதைந்த விதைக்கு வெளிச்சம் இல்லை, காற்று குறைவு, வெப்பம் நாள் முழுக்க ஒரே மாதிரி. அதனால் அது முளைக்காமலே உயிரோடு கிடக்கிறது. எவ்வளவு காலம் கிடக்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் 20 பாட்டில்களில் ஈர மணலோடு களை விதைகளைக் கலந்து புதைத்துவைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கணக்காக ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021இல் ஒரு பாட்டிலை எடுத்தபோது, 142 வருடம் கழித்து, வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. அந்தப் பாட்டிலை அவர்கள் விடியும் முன் இருட்டில் தோண்டினார்கள். பகல் வெளிச்சம் பட்டால் விதை அதையே சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளும் என்பதால்.

நம் வயலில் அவ்வளவு காலம் தாங்காது. வெப்ப மண்டலத்துச் சூடும் ஈரமும் விதையைச் சீக்கிரம் அழுக வைக்கும். பூஞ்சணமும் இங்கே சும்மா இருப்பதில்லை. ஆனால் சில வருடம் தாங்கினாலே நமக்குப் போதுமான தொல்லை.

ஒரே ஒரு கணநேர வெளிச்சம் போதும், பல விதைகள் எழுந்துவிடும். கலப்பை மண்ணைப் புரட்டும் நொடியில் அதுதான் நடக்கிறது. ஜெர்மனியில் இதற்காக இரவில் உழுதே பார்த்தார்கள். சில இடத்தில் களை குறைந்தது, சில இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாம்பு நடமாட்டமுள்ள நம் வரப்புகளில் அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வழி இதுதான். ஒரு வருடம் களை பயங்கரமாக விதை உதிர்த்துவிட்டது என்றால், அந்த ஒரு முறை ஆழமாகப் புரட்டிப் புதைக்கலாம். சிறு விதைக் களைகள் அவ்வளவு ஆழத்திலிருந்து ஏறி வரமாட்டா. சிறு குதிரைவாலிப் புல் 6 சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்தால் பெரும்பாலும் வெளியே தலைகாட்டாது. வட்டக்கோரை, ஊசிக்கோரை இரண்டுக்கும் விதை தூசி மாதிரி, வெளிச்சம் இல்லாமல் முளைக்காது. ஒரு சென்டிமீட்டர் மண் மூடினாலே ஏறக்குறைய முடிந்தது. ஆனால் புதைத்த பிறகு அடுத்த சில வருடம் அந்த ஆழத்தைத் தொடக்கூடாது. புதைப்பதும் அடுத்த வருடமே திருப்பி எடுப்பதுமாக இருந்தால், விதையை நாமே பத்திரப்படுத்தி வைத்துக் கொடுத்த கதைதான்.

தண்ணீர் கட்டியும் களை வருகிறது

இதற்குத்தான் அதிகம் பேர் வந்து கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். முதலில் வயலுக்குள் இறங்கி, எந்தக் களை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

திட்டுத் திட்டாக, கொஞ்சம் மேடான இடத்தில் புல் நிற்கிறதா? அப்படியானால் வயல் மட்டமாக இல்லை. தண்ணீர் அடியில் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. மூச்சு வேண்டிய விதைகள் அங்கே முளைக்க முடியாமல் திணறுகின்றன. சிறு குதிரைவாலிப் புல் இந்த ரகம், சில சென்டிமீட்டர் தண்ணீரே அதைப் பெரிதும் அடக்கிவிடும். மேட்டில் மட்டும் அந்தத் தண்ணீர் நிற்பதில்லை. மண் ஈரமாக, ஆனால் மூழ்காமல் இருக்கிறது. களைக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது. இதற்கு மருந்து மட்டப்படுத்துவதுதான். சேற்றுழவு முடிந்ததும் பரம்படிக்கும்போது தண்ணீரையே ரசமட்டமாக வைத்துக்கொண்டு, தலை நீட்டும் மேட்டைப் பள்ளத்துக்கு இழுங்கள். ஒரு வருடத்தில் சரியாகாது, இரண்டு மூன்று பருவம் பிடிக்கும்.

வயல் முழுக்கச் சீராகப் பெரிய குதிரைவாலிப் புல் நிற்கிறதா? அது கெட்டிக்காரக் களை. காற்றே இல்லாத சேற்றிலும் முளைவிடக்கூடிய சில விதைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் முளைத்த பிறகு வளர்ந்து மேலே வர அதற்குத் தண்ணீருக்கு வெளியே இலை வேண்டும். ஆகவே கேள்வி தண்ணீர் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான். நட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தண்ணீர் கட்டினீர்கள் என்றால், அதற்குள் புல் தலை நீட்டியிருக்கும், அப்புறம் நீங்கள் ஊற்றும் தண்ணீர் அதற்கும் சேர்த்துத்தான். நாற்று நட்டு வேர் பிடித்ததுமே தண்ணீர் கட்டிவிடுங்கள். இன்னொன்று, நெல் மாதிரியே இருக்கும் அந்தப் புல்லை நாற்றங்காலிலிருந்தே நாற்றோடு சேர்த்துப் பிடுங்கி நட்டுவிடுகிறோம். தண்டும் இலையும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கும் காதும் இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. நாற்றுப் பறிப்பவர்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

பள்ளத்தில், தண்ணீர் எப்போதும் நிற்கும் இடத்தில், இதய வடிவ இலையும் ஊதாப்பூவுமாக ஒரு செடியும் ஆரைக்கீரையும் நிற்கின்றனவா? இவை தண்ணீரை விரும்புகிறவை. அந்த ஊதாப்பூச் செடியின் விதைக்குக் காற்றுக் குறைந்த சேறுதான் முளைக்கும் அழைப்பே. இங்கே இன்னும் தண்ணீர் கட்டுவது எதிர்மாறான வேலை. மழை விட்ட இடைவெளியில் வயலை ஒரு முறை வடித்துக் காயவிடுவதும், அறுப்புக்குப் பிறகு பயறு போட்டு மண்ணைக் காய வைப்பதும்தான் இவற்றைக் குறைக்கும்.

வருடா வருடம் மழை நெல், கோடை நெல் என்று தண்ணீரிலேயே இருக்கும் வயலில் பள்ளத்தில் நிற்கும் மூன்றாவது வகை ஏறும். நெல்லுக்குப் பின் உளுந்தோ பச்சைப்பயறோ போடும் வயலில் மேட்டில் நிற்கும் முதல் வகை ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் எந்தக் கூட்டத்துக்கும் மண் முழுக்கப் பிடிப்பதில்லை.

நெல் அறுத்த தாளில் பயறு போட்டால் வரிசைக்கு நடுவே களை

ஐப்பசி கார்த்திகையில் நெல் அறுத்ததும், மிச்ச ஈரத்தில் பர்மாக்காரர் மத்பே என்று சொல்லும் உளுந்தையோ பச்சைப்பயறையோ போடுகிறோம். இங்கே மழை இல்லை, தண்ணீர் கட்டுவதும் இல்லை. அப்படியும் களை என்றால் இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, இயந்திரம் அறுத்த வயலில் வைக்கோல் எங்கே விழுந்தது? பின்புறம் கொட்டிய வரிசையில் களையும் தானாக முளைத்த நெல்லும் கொத்தாக நிற்கும். உதிர்ந்த விதையும் பதரும் அங்கேதான் கொட்டியது. அந்த வைக்கோலைச் சீராகப் பரப்பிவிட்டால் அதே பொருள் மூடாக்காக மாறி வெளிச்சத்தை மறைக்கும், வெப்ப ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், ஈரத்தையும் காக்கும். கொளுத்திவிடுவதுதான் வழக்கம். நெருப்பு தரை மேல் கிடக்கும் விதையைத்தான் பொசுக்கும். இரண்டு சென்டிமீட்டர் கீழே இருப்பதற்குச் சூடே தெரியாது.

இரண்டாவது, வெடிப்பு. எங்கள் களிமண் தை மாசியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே கிடந்த விதை அந்த வெடிப்பில் இறங்கிப் போய், எறும்புக்கும் எலிக்கும் எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மழை வந்து வெடிப்பு மூடினால் அது புதைந்த இருப்பு. மூடாக்கு இருந்தால் வெடிப்பு குறையும்.

முளைத்தது எல்லாம் நெல்தான், ஆனால் நாம் விதைத்த நெல் இல்லை

களை நெல். உமியை உரித்தால் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். முற்றும் முன்பே உதிரும். நாற்று நடுவதை விட்டுவிட்டு நேரடி விதைப்புக்கு மாறியவர்கள் வயலில்தான் இது வேகமாக ஏறுகிறது. நடவு நெல்லில் நாம் கட்டும் தண்ணீரும் நாற்றின் வயதும் அதை அடக்கின. நேரடி விதைப்பில் இரண்டும் ஒரே நாளில் ஒரே உயரத்தில் கிளம்புகின்றன.

சில வருடம் முன்பு ஒரு கடையில் "சுத்தமான விதை" என்று மூட்டை வாங்கினேன். தட்டில் கொட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், நூற்றில் ஒன்றிரண்டு சிவப்பு மணி. பார்க்கவில்லை. மூன்றாவது பருவத்தில் வயலில் கால்வாசி அதுவே. அந்தப் பெரிய கோபம் கடைக்காரர் மேல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு பிடி நெல்லை உரித்துப் பார்க்காதது நான்தானே.

மண் பக்கம் இதைச் சரிசெய்வது எப்படி? அறுப்புக்குப் பின் உடனே உழாதீர்கள். உதிர்ந்தது தரையிலேயே கிடக்கட்டும். மேலே கிடக்கும் விதையைப் பறவையும் எலியும் எறும்பும் தின்னும், வெயிலும் மழையும் மாறி மாறி அதைக் கெடுக்கும். ஆழத்தில் புதைத்தால் இருப்பு நீண்ட நாள் தாங்கும். மழை தொடங்கியதும் முளைக்க விட்டு, மேலாகச் சேற்றில் அமுக்கி, தண்ணீர் கட்டிவிட்டு, அதன் பிறகு நாற்று நடுங்கள். ஒரு பருவமாவது நேரடி விதைப்பை விட்டு நடவுக்குத் திரும்பாமல் இது அடங்குவதை நான் பார்த்ததில்லை. பூக்கும் நேரத்தில் உயரமாக நிற்கும் கதிர்களைக் கையால் அறுத்து வெளியே கொண்டுபோவது தனி வேலை, அதைத் தவிர்க்க முடியாது.

எவ்வளவு களைந்தாலும் கோரை மட்டும் திரும்ப வருகிறது

இது மேலே சொன்ன வட்டக்கோரை, ஊசிக்கோரை இல்லை, கிழங்குக் கோரை. விதையைப் பற்றிய பேச்சே இதில் வேண்டாம். பயிரோடு நிற்கும் அந்தக் கோரையின் கீழே தோண்டினால் கறுப்புக் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நுனிக் கிழங்கு மற்றவற்றை அடக்கிவைத்திருக்கும். மண்வெட்டி சங்கிலியை அறுத்ததும் அடங்கியிருந்தவை எல்லாம் தனித்தனியாக முளைக்கும். களையக் களையப் பெருகுவது அதனால்தான். கோடை உச்சத்தில், மண் காய்ந்த நேரத்தில் புரட்டிக் கிழங்கை வெயிலில் போட்டால் காய்ந்து சாகும். ஈரத்தில் புரட்டினால் பெருகும்.

எரு போட்ட பக்கத்தில் மட்டும் அடர்த்தியாக வருகிறது

மாட்டு வயிற்றில் எல்லா விதையும் சாவதில்லை. தோல் கெட்டியான விதைகள் அப்படியே வெளியே வரும். குவியல் ஈரமாக இருந்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடானால்தான் அவை மடியும். அந்தச் சூடு நடுவில்தான், ஓரத்தில் இல்லை. ஆகவே உள்ளதை வெளியே, வெளியில் உள்ளதை உள்ளே என்று சில தடவை புரட்ட வேண்டும். கையை உள்ளே விட முடியாத சூடு வராத எரு, எருவோடு விதையும் கலந்த மூட்டை. குவியலின் மேலேயே வளர்ந்து பூத்து நிற்கும் கீரையையும் புல்லையும் மறந்துவிடாதீர்கள்.

உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் களை மாறிவிட்டது

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி முகத்துவாரத்தில் கடல் நீர் வயல்களுக்குள் ஏறியது. இப்படி உப்பு ஏறிய மண்ணில் பல களைகளும் நெல்லும் சேர்ந்தே தடுமாறும். உப்பைத் தாங்கும் சில புற்கள் மட்டும் காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே களையை விரட்டுவதற்கு முன், மழை நீரைக் கட்டி வடித்துக் கட்டி வடித்து உப்பைக் கழுவுங்கள்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படுவது: "மண் புளிப்பு, சுண்ணாம்பு போட்டால் களை போகுமா?" போகாது. பல களை விதைகள் புளிப்பு மண்ணிலும் கார மண்ணிலும் ஒரே மாதிரி முளைக்கும். சுண்ணாம்பு உளுந்துக்கு உதவும், உளுந்து நன்றாக மூடினால் களை நிழலில் சிறுக்கும். உதவி அவ்வளவுதான்.

முளைக்கு முன் போடும் களைக்கொல்லி வேலை செய்யவில்லை

பெண்டிமெத்தலின் மாதிரி மருந்துகள் மேல் மண்ணில் ஒரு மெல்லிய ஏடாக உட்கார்ந்து, அதைக் கிழித்துக்கொண்டு வரும் முளையைக் கொல்கின்றன. மண் காய்ந்திருந்தால் அந்த ஏடு உருவாகாது. கட்டி கட்டியாக இருந்தால் ஏட்டில் ஓட்டை விழும். கட்டிக்குள் காற்றில்லாமல் தூங்கிய விதை, அடுத்த மழையில் கட்டி கரைந்ததும் ஓட்டை வழியே வரும். வைக்கோல் சாம்பலும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அடித்த பிறகு வயலுக்குள் நடந்த காலடித் தடங்களில் மட்டும் களை முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் மருந்தின் மேல் தப்பில்லை, ஏட்டைக் கிழித்தது யார் என்று கூலியாட்களிடம் கேட்பதற்கு முன் உங்கள் செருப்பின் அளவை அந்தத் தடத்தில் வைத்துப் பாருங்கள்.